சேர்மன் வீட்டுக்கு ஒரு வாய்

செவல்பொட்டலுக்கு மழை வழி தப்பி வரும், பஸ் நேரம் தப்பி வரும், டவுன் குப்பை மட்டும் வழியும் தப்பாமல் நேரமும் தப்பாமல் வந்து சேரும். வாசல் தெளிக்கிற நேரத்துக்கு நகராட்சி லாரி ஊருக்கு மேற்கே போய், ஒரு காலத்தில் ஆடு மேய்ந்த புறம்போக்கில், பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டிவிட்டுத் திரும்பும். அந்த இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் உரக்கிடங்கு. உரம் என்று ஒரு பிடி அங்கேயிருந்து யார் வயலுக்கும் போனதில்லை. போனதெல்லாம் புகைதான். வெயில் ஏறினால் குப்பை தன்னால் பற்றிக்கொள்ளும்; புகை வந்து உலைச் சோற்றில் உட்காரும், கொடியில் கிடக்கிற சேலையில் உட்காரும், பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்காரும், கடைசியில் மாரிச்செல்வியின் இரண்டு வயது மகள் தன்ஷிகாவின் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

டவுன் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்தக் காத்துல இருந்து புள்ளையத் தள்ளி வைங்கம்மா" என்றார்.

"காத்தத் தள்ளி வைக்கவா சார், வீட்டத் தள்ளி வைக்கவா?" என்று மாரிச்செல்வி கேட்டாள். அதற்கு அவர் சீட்டு எழுதினார். சீட்டுக்கு ஒரு மருந்தும், பிள்ளையின் மூக்கையும் வாயையும் மூடுகிற கிண்ணம் வைத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் வந்தன. மூச்சு இரைக்கிறபோதெல்லாம் அந்தக் கிண்ணத்தை மகள் முகத்தில் பொத்தி, "இழு கண்ணு, இன்னும் ஒரு இழு, எங்க கண்ணுல்ல" என்று கெஞ்சுவாள். புருஷன் கேரளாவில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவள் கிடங்கில் குப்பை தரம் பிரிக்கப் போனாள். மற்றபடி சிரித்த முகக்காரி, ஒரு வேலையை இரண்டாம் தடவை சொல்ல வைக்காதவள். சாமியிடம் கேட்க அவளிடம் ஒரே ஒரு சங்கதிதான் மிச்சம் இருந்தது. குப்பை தீரணும், லாரி நிக்கணும், புள்ள மூச்சு விடணும்.

அந்தச் சமயத்தில்தான் கிருமி வந்து இறங்கியது.

நீல டிரம்களில் வந்தது. கூட வந்த கம்பெனி மேடம் நிவேதா சின்ன வயசு, நல்ல மாதிரி. கிடங்குப் பெண்களை நிழலில் உட்காரவைத்து விளக்கிச் சொன்னாள். மண்ணுக்குள் சாதாரணமாக இருக்கிற கிருமிதான், ஆய்வுக்கூடத்தில் அதன் மரபணுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு வேறொரு துண்டை ஒட்டியிருக்கிறோம், இப்போது அதற்குப் பிளாஸ்டிக் என்றால் ஆட்டுக்கு அகத்திக்கீரை மாதிரி என்றாள்.

"வேற ஒண்ணும் திங்காதா மேடம்?" என்று கேட்டாள் பட்டுராணி. அவள் மாரிச்செல்விக்கு மதினி முறை. கிடங்கில் பேச்சுக்கு அவளை மிஞ்ச ஆள் இல்லை.

"திங்காதுக்கா."

"கறி, மீனு?"

"ம்ஹும்."

"பாவம், யாரு பெத்த புள்ளையோ."

புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் கிருமியை ஊற்றினார்கள். நுங்குச் சதை நிறத்தில் கெட்டியாக, அசைந்தும் அசையாமலும் கிடந்தது. நகராட்சி சேர்மன் குணசீலன் வந்து ரிப்பன் வெட்டினார். "இந்தக் குப்பை தீருகிற அன்றைக்கு இந்த கேட்டை என் கையால் பூட்டுவேன், சாவியை ஊர்க்காரர்களிடம் கொடுப்பேன்" என்று மைக்கில் சொன்னார். மாரிச்செல்வி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் எப்படிக் கைதட்ட என்று, தொடையில் தட்டினாள்.

கிருமி தின்னவில்லை. பால் கவரைப் போட்டார்கள், தின்னவில்லை. பொடியாக நறுக்கிப் போட்டார்கள், தின்னவில்லை. வெந்நீரில் நனைத்துப் போட்டார்கள், அப்படியே மிதந்தது. நிவேதா மேடம் தொட்டிக்குள் கம்பியை விட்டுச் சூடு பார்த்தாள், புளிப்புப் பார்த்தாள், ராப்பகலாய்ப் போனில் பேசினாள். சின்ன முகம் சுண்டிப்போய்விட்டது.

ஒரு மத்தியானம் மாரிச்செல்வி தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து மகளுக்குத் தயிர்சாதம் ஊட்டினாள். தன்ஷிகா வாயைத் திறக்காத பிள்ளை. ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு சொந்தக்காரரைக் கூப்பிட வேண்டும். "இது அப்பாவுக்கு ஒரு வாய், இது பட்டுராணி அத்தைக்கு ஒரு வாய்" என்று சொல்லி ஊட்டிக்கொண்டே வந்தவள், பிள்ளைக்குப் போட்டி காட்டினால் தின்னும் என்று, பக்கத்தில் கிடந்த பால் கவரை எடுத்துத் தொட்டிப் பக்கம் நீட்டி, "இந்தா பாரு, அந்தப் பாப்பா திங்கப்போகுது. திருப்பூர் மாமாவுக்கு ஒரு வாய்" என்றாள்.

தொட்டியின் நடுவில் சதை விலகி, பல் முளைக்காத பிள்ளையின் வாய் போல ஒன்று திறந்தது. கவர் உள்ளே போனது. வாய் மூடியது, சப்புக் கொட்டியது, திரும்பவும் திறந்தது. தன்ஷிகா அதைப் பார்த்துத் தானும் திறந்தாள். மாரிச்செல்வி ஆளுக்கு ஒரு வாயாக ரெண்டு பேருக்கும் ஊட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு, "மேடம், அதுக்குப் பேர் சொல்லி ஊட்டணுமாம்" என்று போய்ச் சொன்னாள்.

நிவேதா மேடம் அதைக் 'குரல் தூண்டுதல்' என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டாள். கம்பெனியில் சந்தோஷப்பட்டு ஸ்பீக்கர் அனுப்பினார்கள். ஸ்பீக்கர் பேசியதற்குக் கிருமி வாய் திறக்கவில்லை. மனுஷர் பக்கத்தில் உட்கார்ந்து, மனுஷர் பேரைச் சொல்லி, கையால் போட்டால்தான் திறந்தது. பிள்ளை வளர்த்தவர்கள் யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. எந்தப் பிள்ளை ஸ்பீக்கர் சொன்னால் திங்கும்? "வயித்துக்குள்ள இருக்கையில மரபணுவ வெட்டியாச்சு, வளர்ப்பையும் வெட்ட முடியுமா?" என்றாள் பட்டுராணி.

அன்றைக்குச் சாயங்காலம் திருப்பூரிலிருந்து மாரிச்செல்வியின் அண்ணன் கூப்பிட்டான். பனியன் கம்பெனி விட்டு வந்து, வீட்டு வாசலில் சேரைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தானாம். குடித்த வாய் மூடுவதற்குள் தரையில் கிடந்தானாம். "சேரைக் காணோம் தங்கச்சி. டீ இருக்கு, கிளாஸ் இருக்கு, நான் இருக்கேன், சேர் மட்டும் இல்ல."

மாரிச்செல்வி அண்ணன் பேருக்கு எத்தனை வாய் ஊட்டினோம் என்று நினைத்துப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் பட்டுராணி வீட்டில் குடம் இல்லை, பக்கெட் இல்லை, துணி காயப்போடுகிற நைலான் கயிறு இல்லை. ஈரச் சேலைகள் மண்ணில் கிடந்தன. "அத்தைக்கு ஒரு வாய்னு அள்ளி அள்ளி ஊட்டுனியே, அத்தை வீட்டப் பாத்தியாட்டி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சங்கதி விளங்கிவிட்டது. கிருமி யார் பேருக்கு ஒரு வாய் வாங்குகிறதோ அவர் வீட்டிலிருந்தும் ஒரு வாய் எடுத்துக்கொள்ளும்.

ஊர் கிடங்கில் கூடிப் பேசியது. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. யார் பேரைச் சொல்வது என்றுதான் பேச்சு. சாமி பேரைச் சொல்லிப் பார்த்தார்கள், திறக்கவில்லை; சாமி வீட்டில் என்ன பிளாஸ்டிக் இருக்கிறது. செத்தவர் பேரைச் சொன்னார்கள், அதற்கும் திறக்கவில்லை. சீரியலில் மருமகளைக் கொடுமைப்படுத்துகிற மாமியார் பேரைப் பட்டுராணி ரொம்ப ஆசையாகச் சொன்னாள், ம்ஹும். கடைசியில் வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொள்வது என்று ஆயிற்று. இன்றைக்கு மேலத்தெரு முதல் வீட்டுப் பேரில், நாளைக்கு அடுத்த வீட்டுப் பேரில். கோயில் கொடைக்கு வரி போடுகிற மாதிரி, யாருக்கும் கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். ஒரே ஒரு பேரை மட்டும் தொட்டிப் பக்கத்தில் யாரும் சொல்லக்கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டது. தன்ஷிகா என்ற பேர். மாரிச்செல்வி வீட்டு முறைக்கு மாரிச்செல்வி பேர் மட்டும்தான். அந்தப் பிள்ளையின் குழாயும் கிண்ணமும் போய்விட்டால் மூச்சும் போய்விடும் அல்லவா. அதனால் அவளை ஒருத்தர் கத்தரிக்கா என்றார், ஒருத்தர் கழுதைக்குட்டி என்றார், டீக்கடைக்காரர் கலெக்டரம்மா என்றார், எல்லாவற்றுக்கும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்புறம் செவல்பொட்டல் ஊட்டியது. ஓலைக் கடகத்தில் அள்ளி அள்ளி ஊட்டியது. டவுன்காரன் தின்று எறிந்த பிரியாணிப் பொட்டலத்துக்கு மேலத்தெருவில் ஒரு குடம் போனது. டவுன்காரி உடுத்திக் களைந்த சேலைக் கவருக்கு நடுத்தெருவில் ஒரு சேர் போனது. தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக வைத்திருந்த குடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், வரிசையில் பிடித்த தண்ணீர் மட்டும் தரையில் வட்ட வட்டமாகக் கிடந்தது. கால்மிதி போனது, கால் செருப்பு போனது, சீப்பு போனது, பேசிக்கொண்டிருக்கும்போதே நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு போனது, பெண்கள் குங்குமத்துக்குத் திரும்பினார்கள். போர் மோட்டார்க் குழாய் போய் இரண்டு பேர் வாய்க்கால் வெட்டினார்கள். டிவி ரிமோட் போன வீட்டில் ஒரே சேனலைப் பார்த்தார்கள். முணுமுணுத்தார்கள், ஆனால் முறை வந்தால் பேரைக் கொடுத்தார்கள். ஏனென்றால் மலை குறைந்தது. பனை உயரம் இருந்தது ஆள் உயரம் ஆனது, ஆள் உயரம் இருந்தது இடுப்பளவு ஆனது, ஓர் ஓரத்தில் செம்மண் தெரிந்தது, தெரிந்த அன்றைக்கு ஆட்டுக்காரர் ஒருத்தர் வந்து அதைக் காலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். எரிய ஒன்றும் இல்லாததால் புகை நின்றது. தன்ஷிகாவின் நெஞ்சில் விசில் சத்தம் நின்றது. மாரிச்செல்வி மகளைப் படுக்கப் போட்டு மார்பில் காதை வைத்து, ஒன்றுமே கேட்காத அந்தச் சத்தத்தை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முழங்கால் அளவு குப்பை மிச்சம் இருக்கையில் ஊரில் கொடுக்கப் பிளாஸ்டிக் தீர்ந்துபோனது. எந்தப் பேரைச் சொன்னாலும் கிருமி வாய் திறக்கவில்லை. வீட்டில் ஒன்றும் இல்லாதவன் பேருக்கு அது எதை எடுக்கும்? இன்னும் கொஞ்சம்தானே, சேர்மனிடம் சொன்னால் இந்த மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவார், கேட்டைப் பூட்டிவிடலாம் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, வாசல் தெளிக்கிற நேரத்துக்கு லாரி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, தெற்கே ஓடைப்பாலம் வரைக்கும் லாரி. எல்லாவற்றிலும் வேறு வேறு ஊர் நகராட்சிப் பேர் எழுதியிருந்தது.

மாரிச்செல்வியும் பட்டுராணியும் டவுனுக்குப் போனார்கள். சேர்மன் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து நன்றாகத்தான் பேசினார்.

"உங்க கிருமி பிரமாதம்மா. சுத்துப்பட்டு எல்லாம் கேக்குறான். நல்ல காரியத்த நாமளே பூட்டி வைக்கலாமா?"

"குப்பை தீந்தா பூட்டுறேன்னு சொன்னீங்களே அய்யா," என்றாள் மாரிச்செல்வி.

"சொன்னேன். தீந்துச்சா?"

பட்டுராணி சொன்னாள்: "எங்க வீட்டுக் குடம், சேரு, செருப்பு எல்லாம் போட்டுத்தான்யா அதைத் திங்க வச்சோம்."

"நல்லதுதானே. எவர்சில்வர் உடம்புக்கு நல்லது. பாருங்க, ஊரு எவ்வளவு சுத்தமாயிருச்சு." சிரித்தார். "குப்பை உங்களுக்குச் சோறு போடுது. சோத்தத் தூக்கி எறியலாமா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் மாரிச்செல்வி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அவள் சட்டென்று கோபப்படுகிறவள் இல்லை. கோபம் அவளுக்குள் உலை கொதிக்கிற மாதிரி வரும், முதலில் அடியில் சின்னச் சின்னக் குமிழி, மூடி ஆடுவதற்கு நேரமாகும். அந்த வாரமே புதுக் குப்பை பற்றிக்கொண்டது. புகை திரும்ப வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது. கிண்ணத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "இழு கண்ணு" என்று அவள் சொல்ல, பிள்ளை கண்ணை உருட்டி இழுத்த இழுப்பில் மூடி ஆடிவிட்டது.

மறுநாள் காலையில் அவள் கிடங்கில் குனிந்து ஒரு கவரை எடுத்தாள். கூரியரில் வந்த கருப்புக் கவர். அதன் மேல் ஒட்டிய தாளில், செவல்பொட்டல் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்குக்கூட வாசிக்கிற மாதிரித் தெளிவாக, பேரும் தெருவும் வீட்டு நம்பரும் போட்டிருந்தது. இத்தனை நாளும் அந்தத் தாளைக் கிழித்துத் தனியாகப் போடுவதுதான் அவள் வேலை.

"மதினி," என்றாள். "யார் பேரு யார் பேருன்னு முழிச்சோமே. திங்குறவன் பேரு திங்குற சாமான்லயே ஒட்டியிருக்கு."

பட்டுராணி வாங்கிப் பார்த்தாள். "திருமதி குணசீலன். ஏட்டி, இது சேர்மன் பொண்டாட்டில்லா?"

"அவங்க சாப்பிடட்டும்," என்று சொல்லி மாரிச்செல்வி தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தாள். சேலையைச் செருகிக்கொண்டாள். குரலில் கோபம் தெரிந்தால் பிள்ளை வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும். அதனால் தேன் மாதிரிச் சொன்னாள்: "இது சேர்மன் வீட்டுக்கு ஒரு வாய்."

திறந்தது.

அன்று டவுனில் சேர்மன் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் அடுக்கியிருந்த டப்பாக்கள் போய், குழம்பும் கூட்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. பஸ் நிலையத்தின் முன்னால் அவர் கும்பிட்டபடி நின்ற பேனர் போய், மூங்கில் சட்டம் மட்டும் வானத்தைக் கும்பிட்டது. அப்புறம் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். தெருத்தெருவாக வாசித்தார்கள், தெருத்தெருவாக ஊட்டினார்கள். ஒருத்தர் பேரையும் அவர்கள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. வந்த கவரை வந்த பேருக்கே போட்டார்கள். நகைக்கடைக்காரருக்கு ஒரு வாய், டியூஷன் சாருக்கு ஒரு வாய், மூன்றாம் மாடி அம்மாவுக்கு ஒரு வாய். டவுனில் தண்ணீர்க் கேன் போய் மாடிப்படியில் தண்ணீர் இறங்கியது. பால் கவர் போய் கையிலிருந்த பால் முழங்கை வழியாக ஓடியது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குச் சபை மொத்தமும் தரையில் உட்கார்ந்தது. வண்டிகளின் ஹெல்மெட் போனது, கார்களின் முன்மூக்கு போனது, போன்கள் தோல் உரித்த கோழி மாதிரி உள்ளங்கையில் கிடந்தன.

டவுன்காரர்கள் முதலில் போலீசுக்குப் போனார்கள். போலீஸ் கிடங்குக்கு வந்து பார்த்தது. பெண்கள் பிள்ளைக்கு ஊட்டுகிற மாதிரிக் கிருமிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கிருமி தின்பதற்காக அரசாங்கமே வைத்தது, ஊட்டுவதற்காக நகராட்சியே சம்பளம் கொடுத்தது. என்ன வழக்குப் போட என்று தெரியாமல் போலீஸ் டீ குடித்துவிட்டுப் போனது. அப்புறம் டவுன்காரர்கள் தாங்களே காரில் வந்தார்கள்.

"என் வீட்டு வாட்டர் டேங்க் போச்சுங்க. மாடி டேங்க்," என்றார் ஒருவர், வெள்ளைச் சட்டை.

"உங்க கவரு எங்ககிட்ட ரொம்ப இருக்குய்யா," என்றாள் பட்டுராணி. "வாரத்துக்கு எத்தன செருப்புதான் வாங்குவீக? கால் ரெண்டுதான?"

"அதுக்குன்னு டேங்க எடுக்கலாமா?"

"எங்க புள்ள நெஞ்ச எடுத்தீகளே, நாங்க வந்து கேட்டமா?"

அவர் தன் பேர் ஒட்டின கவரையெல்லாம் தானே பொறுக்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு போனார். பத்துப் பேர் அப்படிச் செய்தார்கள். மிச்சப் பேர் சேர்மன் வாசலில் போய் நின்றார்கள்.

சேர்மன் தனியாகத்தான் வந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது, காலி. தொட்டியை ஒட்டி நின்றுகொண்டு, மூடியைத் திருகித் திருகித் திறந்தார், மூடினார்.

"உன் மக பேரு தன்ஷிகாதானம்மா?" என்றார்.

கிடங்கில் பேச்சு அப்படியே நின்றது. இடுப்பில் இருந்த பிள்ளை மட்டும், ரொம்ப நாளைக்கு அப்புறம் சொந்தப் பேர் காதில் விழுந்த சந்தோஷத்தில், அவரைப் பார்த்துச் சிரித்தது. மாரிச்செல்வி பிள்ளையை இறுக்கிக்கொண்டு தொட்டியை விட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"பயப்படாதே. நான் ஒரு வாய் ஊட்டுறதுக்கு வரல. ஊட்ட முடியும்னு காட்ட வந்தேன்," என்றார் அவர். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. நான் சொல்றதக் கேளு. இன்னைக்கே கேட்டைப் பூட்டுறேன், சாவி உன் கையில. இனி ஒரு லாரி இங்க வராது. அமாவாசை கழிச்சு இந்தக் கிருமியையும் வர்ற குப்பையையும் மேலக்கரட்டுக்கு மாத்திடுறேன். உனக்கு என்ன வேணும், உன் புள்ள நல்லா மூச்சு விடணும். விட்டுட்டுப் போகுது. போதுமா?"

மேலக்கரடு என்பது மலையடிவாரத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் ஊர். பஸ் கிடையாது, நியாயம் கேட்டு டவுனுக்கு வரவேண்டுமானால் நடந்துதான் வரவேண்டும்.

மாரிச்செல்வி கேட்டது கிடைத்துவிட்டது. குப்பை, லாரி, மூச்சு, மூன்றும். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஊட்டுகிறவள் புத்தி வேறு கேள்வியைக் கேட்டுவிட்டது.

"அங்க அதுக்கு யாரு ஊட்டுவா?"

சேர்மன் லேசாகச் சிரித்தார். "கைப்புள்ளக்காரி இல்லாத ஊரு எதும்மா? அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தி இருப்பா."

அவள் மேலக்கரட்டைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒருத்தியைப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளையோடு, தொட்டிக் கட்டையில், சிரித்த முகமாக, தன் வீட்டுக் குடத்தை ஒவ்வொரு வாயாகக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் நெஞ்சில் விசில் அடித்தது.

"சரிங்கய்யா," என்றாள் மாரிச்செல்வி. "பூட்டுங்க."

அவர் பூட்டினார். போட்டோ எடுத்தார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கார் திரும்பின பிறகு பட்டுராணி எரிந்து விழுந்தாள்: "என்னட்டி சரிங்க? கூனிக்கிட்டு சரிங்கன்னுட்ட?"

"பேரு அவன் வாயில இருக்கு மதினி. மொதல்ல அதப் புடுங்கணும்." மாரிச்செல்வி மகளைக் கீழே இறக்கி, சட்டையைக் கழற்றினாள். "தங்காத புள்ளையக் குப்பையில போட்டு எடுப்பாகல்ல, அத இன்னைக்கே செய்யணும். நீ எடுக்கணும்."

பட்டுராணிக்கு உடனே விளங்கியது. செவல்பொட்டலில் பிள்ளை தங்காத வீட்டில் காலகாலமாகச் செய்கிற காரியம்தான் அது. பெற்றவள் பிள்ளையைக் குப்பையில் எறிந்துவிட்டு, எனக்கு வேண்டாம் என்று சொல்லித் திரும்பி நடக்க வேண்டும். வேறொருத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவளிடம் தவிட்டைக் கொடுத்துப் பெற்றவள் வாங்கிக்கொண்டால், அது பழைய பிள்ளை இல்லை. பழைய பேர் அதற்கு ஒட்டாது. பழைய பேரைத் தேடி வருகிற எமன் ஆள் இல்லாத வீட்டைப் பார்த்துவிட்டுப் போவான்.

மாரிச்செல்வி மகளைத் தூக்கிக்கொண்டு மிச்சக் குப்பை நடுவில் போனாள். பால் கவரும் கூரியர் கவருமாகக் கிடந்த இடத்தில் அம்மணமாகப் படுக்கப் போட்டு, இந்தப் பக்கம் ஒரு புரட்டு, அந்தப் பக்கம் ஒரு புரட்டு புரட்டினாள். "எனக்கு வேண்டாம்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. நடந்தாள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒருத்தி கண்ணிலும் தண்ணீர் இல்லை. எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கிடந்தது மாரிச்செல்வி வீட்டுக் குப்பையில் இல்லையே. அவள் வீட்டுக் குப்பையில் போட்டிருந்தால் வைக்கோலும் சாணியும் சாம்பலுமாக மெத்தென்று இருந்திருக்கும். யார் யாரோ தின்று, உடுத்தி, குடித்து எறிந்ததன் மேல், தன் பிள்ளையைத் தானே எறிந்துவிட்டு நடக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. பட்டுராணி போய் எடுத்தாள். தூசி தட்டி, முந்தானையில் சுற்றி, "எனக்கு ஒரு பிள்ள கெடைச்சிருக்கு, யாருக்கும் வேணுமா?" என்று கேட்டுக்கொண்டு வந்தாள். மாரிச்செல்வி ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினாள். குப்பம்மாள் என்று காதில் பேர் சொன்னாள். குப்பம்மாள் விக்கிக்கொண்டே அவள் தோளில் சாய்ந்தாள்.

"போனில வீட்டுக்காரன் கேட்டா என்னட்டி சொல்வ? ஆசையா வச்ச பேரு."

"அவன் வச்சது சர்ட்டிபிகேட்ல பத்திரமா இருக்கட்டும்."

அமாவாசை வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் பெண்கள் எவர்சில்வர் குடங்களைக் கொண்டுவந்தார்கள். வேறு குடம்தான் ஊரில் இல்லையே. தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து மாரிச்செல்வி, "வா கண்ணு, டவுனுக்குப் போவோம்" என்று கூப்பிட, கிருமி வழுக்கிக்கொண்டு குடம் குடமாக ஏறிக்கொண்டது. இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறினார்கள்.

"குடத்துல என்னம்மா? லக்கேஜ் போடணும்," என்றார் கண்டக்டர்.

"கைக்குழந்தைய்யா. கைக்குழந்தைக்கு ஏது டிக்கெட்டு?" என்றாள் பட்டுராணி. அவர் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து வாய் திறந்து அவரைப் பார்த்தது. "பசியாறிருச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

நகராட்சி அலுவலகத்து வாசலில் தண்ணீர் வராத நீரூற்று ஒன்று உண்டு, வட்டத் தொட்டியும் நடுவில் குழாயுமாக. பெண்கள் சுற்றி நின்று குடங்களைக் கவிழ்த்தார்கள். நுங்குச் சதை தொட்டி முழுக்கப் பரவி, ஆடி, அடங்கி, இடம் பிடித்திருந்ததோ என்னவோ, பெருமூச்சு விட்டது. கூட்டம் கூடியது. அன்றைய லாரிகள் கேட் பூட்டியிருந்ததால் திரும்பி, எங்கே கொட்டுவது என்று கேட்க, வேறு போக்கிடம் இல்லாமல் இங்கேதான் வந்து வரிசையில் நின்றிருந்தன. கிருமிக்குச் சாப்பாட்டு நேரமானது. அது முனகத் தொடங்கியது, முனகல் அழுகையானது, பிள்ளை பெற்ற எவளும் எவனும் காதைப் பொத்தினாலும் அடிவயிற்றில் கேட்கிற அழுகை. கடைகளில் வியாபாரம் நின்றது. செவல்பொட்டல் பெண்கள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள்.

சேர்மன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேட்டி நுனி கையில் இருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க இத."

யாரும் அசையவில்லை.

"நான் சொல்லிட்டேன்ல?" என்றவர், மாரிச்செல்வியின் தோளில் பிள்ளையைப் பார்த்தார். பக்கத்து லாரியிலிருந்து ஒரு பாட்டிலை உருவினார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "தன்ஷிகாவுக்கு ஒரு வாய்" என்று சொல்லி எறிந்தார்.

பாட்டில் தொட்டியில் விழுந்து, புரண்டு, அப்படியே மிதந்தது. கிருமி வாய் திறக்கவில்லை. அழுகை மட்டும் கூடியது. அவர் இன்னொன்றை எறிந்தார், இன்னும் சத்தமாகச் சொன்னார். அதுவும் மிதந்தது. குப்பம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அம்மாவின் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

சேர்மன் முகத்தில் வேர்த்தது. சுற்றிப் பார்த்தார். டவுன் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது, ஒவ்வொருத்தரும் தன் பேரை அவர் சொல்லிவிடக்கூடாதே என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தபடி. லாரிகள் இன்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தன.

"சரி, சொல்லித் தொலை," என்றார் அவர், குரல் இறங்கி. "யார் பேரச் சொல்லித்தான் ஊட்டணும் இதுக்கு?"

மாரிச்செல்வி குடத்தை ஒரு இடுப்புக்கும் மகளை ஒரு இடுப்புக்கும் மாற்றிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

"உட்காந்து ஊட்டுங்க, நின்னுக்கிட்டு ஊட்டுனா திங்காது," என்றாள். "பேருக்கு என்ன அய்யா பஞ்சம்? உங்களுக்கு வீட்டுல வச்ச பேரு ஒண்ணு இருக்குமே, அதுல ஆரம்பிங்க."